ஆதார் நகல் ஒன்று, புகைப்படம் இரண்டு

ஜூன் 2, திங்கள்

இந்த நோட்டின் முதல் முப்பது பக்கங்களில் ஸ்ரீராமஜெயம் எழுதியிருக்கிறேன். ராமர் மன்னிக்கட்டும், அது காம்பவுண்டுச் சுவர். வீடு முப்பத்தோராம் பக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது. இவர் என் கைப்பையைத் துழாவுவார், போனைப் பார்ப்பார், ஒரு தடவை டிபன் பாக்ஸின் அடித்தட்டைக்கூடத் திறந்து பார்த்தார். ராமஜெய நோட்டை மட்டும் தொட மாட்டார். சாமி நோட்டைத் தொடுவதென்றால் கை கால் கழுவ வேண்டும். வேவு பார்ப்பதற்கும் ஓர் அளவு உழைப்புதான் போடுவார்.

இவர் என்றால் என் கணவர் துரைக்கண்ணு. திருச்சியில் ஒரு அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். நான் அஞ்சுகம், வயது ஐம்பத்து மூன்று, ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசைக்காரி. யாருக்குக் குழந்தை பிறந்தாலும் அது யார் ஜாடை என்று சொந்தக்காரர்கள் முடிவு செய்வதற்கு முன்னால் நான் முடிவு செய்துவிடுவேன். இந்தக் குறிப்புகளையும் அந்த மேசையில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

இந்த மாதம் முப்பதாம் தேதி இவர் ரிட்டயர் ஆகிறார். "இனிமே சார் இருபத்து நாலு மணி நேரமும் வீட்லயேதான். குடுத்து வச்சவங்க நீங்க" என்றாள் எதிர்வீட்டுப் பெண். நான் சிரித்தேன். எனக்குச் சிரிக்க நன்றாக வரும். ஊரில் பெயர் வாங்கியதே அதில்தான்.

நேற்று இவர் சொன்னார்: "நீயும் ஜூலையோட நின்னுடு. ஆளுக்கொரு பக்கம் எதுக்கு?"

அதனால் வாடகைக்கு வீடு பார்க்கிறேன். எனக்கு மட்டும். இந்த வரியை எழுதிவிட்டு வாசலை ஒரு முறை எட்டிப் பார்த்தேன். ஒரு கர்ப்பிணியும் அவள் மாமியாரும் வந்துகொண்டிருந்தார்கள். அவ்வளவுதான்.

ஜூன் 4, புதன்

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜெசிந்தாதான் இடம் சொன்னாள். தென்னூரில் ஹமீதா பேகம் என்ற அம்மாவின் மாடி. சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் ஆட்டோவில் போனோம். ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, வெளியே துணிக்கொடி. வீடு பார்க்கப் போகிறவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள். நான் கதவின் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டும் உள்பக்கம்.

"வீட்ல யார் யாரும்மா?" என்று கேட்டார் ஹமீதாம்மா. அறுபத்தைந்து வயதிருக்கும். மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்ப்பதற்கு ஒரு பார்வை, கீழே பார்ப்பதற்கு ஒரு பார்வை வைத்திருக்கிறார்.

"நான் மட்டுந்தான்."

"மாப்பிள்ளை?"

இதற்கு என்ன சொல்வதென்று ஆட்டோவிலேயே யோசித்திருக்க வேண்டும். "வெளிநாட்டுல இருக்காருங்க" என்றேன்.

"எந்த நாடு?"

"மஸ்கட்."

"அடடே, எம் மகனும் மஸ்கட்லதான். உங்க வீட்டுக்காரர் எந்தப் பக்கம்?"

உலகத்தில் எத்தனை நாடு இருக்கிறது. என் வாய்க்கு மஸ்கட்தான் கிடைத்தது. "கொஞ்சம் உள்ள தள்ளிங்க."

"உள்ள தள்ளினா பாலைவனமில்ல?"

"அதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

ஜெசிந்தா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சுண்ணாம்பை ஆராய்ந்தாள். ஹமீதாம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். அப்புறம் அந்த விஷயத்தை விட்டுவிட்டார்.

"என் தங்கச்சி மகன் வக்கீல். அவன் கேக்கற காகிதமெல்லாம் வேணும். ஆதார் நகல் ஒண்ணு, போட்டோ ரெண்டு, வேலை பாக்கற இடத்துச் சர்ட்டிபிகேட் ஒண்ணு. போலீஸ் ஸ்டேஷன்ல குடுக்கற ஃபாரத்தை அவனே பூர்த்தி பண்ணிக்குவான். அடுத்த ஒண்ணாந்தேதிக்குள்ள குடுத்துட்டா வீடு உனக்கு. இல்லாட்டி பேங்க்ல வேலை பாக்கற பையன் ஒருத்தன் கேட்டுட்டிருக்கான்."

அட்வான்ஸ் பிரச்சினையில்லை. ஜெசிந்தாவிடம் போட்ட சீட்டு முடிந்திருக்கிறது. பிரச்சினை அந்த முதல் காகிதம். வீட்டிலுள்ள எல்லோருடைய காகிதமும் இவருடைய பீரோவில், நம்பர் போட்ட கோப்புகளில். நான் கோப்பு எண் ஆறு. பீரோ சாவி இவருடைய அரைஞாணில்.

ஜூன் 6, வெள்ளி

போட்டோ எடுக்கப் போனேன். ஜெசிந்தா கேமராவை எடுத்தாள், பார்த்தாள், கீழே வைத்தாள்.

"அக்கா, அடுத்த வாரம் எடுத்துக்கலாமா?"

"ஏன், இன்னிக்கு என் அழகுக்கு என்ன?"

"கன்னம்."

"நிழல் விழுந்திருக்கும். உன் லைட்டை மாத்து."

"நிழல் பச்சையாவா விழும்?"

எடுடி என்றேன். எடுத்தாள். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினாள். பாஸ்போர்ட் அளவில் முகத்தைப் பார்த்துப் பழகிவிட்டவளுக்கு, இத்தனை பெரிதாக என்னைப் பார்க்கச் சகிக்கவில்லை. "இதை எடுத்துடவா?" என்று அம்புக்குறியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எடுத்துடு. அப்படியே பத்து வயசையும் எடுத்துடு."

மூன்று தேய்ப்பில் போய்விட்டது. சுத்தமாக. உலகத்தில் இத்தனை சுலபமான வைத்தியம் இருப்பது எனக்குத் தெரியாது. ஜெசிந்தா சிரிக்கவில்லை. என் நகைச்சுவையை அவள் எப்போதுமே மதித்ததில்லை.

ஜூன் 10, செவ்வாய்

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். இடது கையால். எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல இருக்கிறது.

நேற்று மத்தியானம் ஜெசிந்தா ஒரு யோசனை சொன்னாள். கார்டு கையில் இல்லாவிட்டால் என்ன, ஆதார் எண் தெரிந்தால் போதும், கம்ப்யூட்டரில் நகலை இறக்கிக்கொள்ளலாம். எண் எனக்கு மனப்பாடம். சொன்னேன். தட்டினாள்.

"4747-ல முடியற நம்பருக்கு ஓடிபி போயிருக்கு. பார்த்துச் சொல்லுங்கக்கா."

என் போனைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. என் எண் 4747-ல் முடியாது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. முடிவது யாருடைய எண் என்பது அதற்கும் பிறகு.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டு ஆதார் எடுத்தார்கள். "வீட்டுக்கு ஒரு நம்பர் போதும்" என்று படிவத்தை இவர்தான் நிரப்பினார். எங்கள் தெருவில் பாதிப் பெண்களுக்கு அப்படித்தான். கேஸ், பேங்க், ஆதார் எல்லாமே அவரவர் கணவரின் சட்டைப் பையில்தான் மணியடிக்கும். இத்தனை வருஷம் அது ஒரு சௌகரியமாகவே இருந்துவிட்டதால் மறந்தே போனேன்.

"கேன்சல் பண்ணுடி."

"போன ஓடிபியை எப்படிக்கா கூப்பிடறது?"

சாயங்காலம் ஐந்து நாற்பதுக்கு வீட்டுக்குள் இருக்க வேண்டும். ஐந்து முப்பத்தெட்டுக்கே இருந்தேன். இவர் இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னார்: "ஒண்ணே முக்காலுக்கு உன் ஆதாருக்கு ஓடிபி வந்துச்சு."

இவர் கோபம் வந்தால் கத்துகிற ஆளில்லை. குரல் தாழும். நேற்றுக் கிட்டத்தட்டக் கேட்கவே இல்லை.

"ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் இன்சூரன்ஸ் போடறாங்களாம். அதுக்குக் கேட்டாங்க" என்றேன். எங்கிருந்து வந்ததோ, மஸ்கட்டைவிட நல்ல பொய்.

"சரி. நாளைக்கு டாக்டர்கிட்டயே கேட்டுக்கறேன்."

இவர் 'சரி' என்றால் எதுவும் சரியில்லை என்று அர்த்தம். பீரோவைத் திறந்து கோப்பு எண் ஆறை எடுத்துப் பார்த்தார். எல்லாம் இருந்தது. என்னைப் பக்கத்தில் வந்து பார்க்கச் சொன்னார். பார்த்தேன். அப்புறம் வலது கை நடுவிரல் பீரோக் கதவில் மாட்டிக்கொண்டது. திறந்தவரும் இவர், மூடியவரும் இவர். விரலை அங்கே வைத்தது நான். அப்படித்தான் இவர் சொன்னார்.

இன்று காலை எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் வத்சலா கட்டுப் போட்டுவிட்டார். எப்படி ஆனது என்று கேட்கவில்லை. நானே, "டாக்டர், இவர் போன் பண்ணுவார். இன்சூரன்ஸுக்கு ஆதார் கேட்டீங்களான்னு..." என்று ஆரம்பித்தேன்.

"கேட்டேனே" என்றார், பஞ்சை வெட்டிக்கொண்டே.

பத்து மணிக்குச் சரியாகப் போன் வந்தது. டாக்டர் ஸ்பீக்கரில் போட்டார். "ஆமாங்க சார், நான்தான் கேட்டேன். எல்லாரும் குடுத்துட்டாங்க, உங்க மிஸஸ்தான் பாக்கி. கொஞ்சம் கண்டிச்சு வைங்க." போனை வைத்துவிட்டு என் விரலைப் பார்த்தார். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாமே என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

ஜூன் 13, வெள்ளி

கடவுள் இருக்கிறார் என்று காலை பத்தேகாலுக்கு நினைத்தேன். பத்தே இருபதுக்கு வாபஸ் வாங்கினேன்.

இவரே ஆஸ்பத்திரிக்கு வந்து என் ஆதார் நகலைக் கவரில் போட்டு டாக்டரிடம் கொடுத்துவிட்டுப் போனார். இவர் படியிறங்கியதும் டாக்டர் கவரை அப்படியே என் மேசையில் வைத்தார். பிரித்தேன். நகல்தான். நல்ல தெளிவான நகல். அதன் குறுக்கே, என் முகத்தின் மேலே, நீல மையில் இரண்டு கோடு போட்டு நடுவில் எழுதியிருந்தது: 'மருத்துவமனைக் காப்பீட்டுக்கு மட்டும். வேறு எக்காரணத்துக்கும் செல்லாது. ஆ. துரைக்கண்ணு, கண்காணிப்பாளர்.' தேதி. கையெழுத்து. அலுவலக முத்திரை வேறு.

முப்பத்தைந்து வருஷ அரசுப் பணி. நகல் கொடுத்தால் எதற்கென்று குறுக்கே எழுதாமல் கொடுக்க மாட்டார்கள். மனைவியை எதற்கென்று எழுதி வைத்திருக்கிறாரோ தெரியவில்லை.

ஜெசிந்தா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "கன்னத்தை எடுத்தேன். இந்தக் கையெழுத்தை எடுக்க முடியாதுக்கா. எடுத்தாலும் தப்பு, கேஸாயிடும்."

ஜூன் 18, புதன்

ஆதாரில் இருக்கிற போன் எண்ணையே மாற்றிவிட்டால் என்ன என்று தாலுகா ஆபீஸுக்குப் போனேன். டாக்டரிடம் ஒரு மணி நேரம் அனுமதி. அந்தப் பெண் விரலை வைக்கச் சொன்னாள். கட்டுப் போட்ட விரலைத் தவிர மற்றதையெல்லாம் வைத்தேன். மெஷின் ஒன்றையும் ஏற்கவில்லை.

"ரேகையே இல்லையேம்மா. பாத்திரம் தேய்ச்சு அழிஞ்சிருக்கும். நிறையப் பொம்பளைங்களுக்கு இப்படித்தான்."

கண்ணை வைத்துப் பார்க்கும் கருவி ரிப்பேர். அடுத்த மாதம் வரும். மாற்றினாலும் பதிவாகச் சில நாள், சில சமயம் ஒரு மாதம்கூட.

ஆக, நான் நான்தான் என்று சொல்ல என் கையிலேயே அத்தாட்சி இல்லை. திரும்பும்போது பஸ் கிடைக்கவில்லை. ஐந்து நாற்பத்தெட்டு. எட்டு நிமிஷம். அதைப் பற்றி எழுத மாட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

இந்த வெயிலில் முழுக்கை ரவிக்கையா என்று ஒரு நோயாளியின் அம்மா கேட்டார். ஃபேஷன் என்றேன்.

டாக்டரிடம் சர்ட்டிபிகேட் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் லெட்டர்பேடை இழுத்தார். பதினொரு வருஷமாக வேலை செய்கிறார், நேர்மையானவர், அமைதியானவர் என்று ஆங்கிலத்தில் எழுதினார். அமைதியானவரா? டாக்டருக்குக் கண் பரிசோதனை தேவை. கடைசியில் தமிழில் ஒரு வரி சேர்த்திருந்ததை வெளியே வந்துதான் பார்த்தேன். 'தயவுசெய்து இவருக்கு வீடு கொடுங்கள்.'

வீடு என்ற வார்த்தையை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

இன்று வீட்டில் வைத்து எழுதுகிறேன். இவர் சவரம் செய்துகொள்ளப் போயிருக்கிறார். பிரிவு உபசார விழாவுக்கு இப்போதே முகத்தைத் தயார் செய்கிறார். ஹமீதாம்மா ஜெசிந்தாவுக்குப் போன் செய்து, பேங்க் பையன் இரண்டு தரம் வந்துவிட்டான் என்றாராம். ஒன்பது நாள் இருக்கிறது. ஒரே ஒரு ஓடிபி, ஆறே ஆறு எண். இவர் குளிக்கும்போதுகூடப் போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு உள்ளே எடுத்துக்கொண்டு போகிறார். நான் இன்று யோசித்தது என்னவென்றால், இவர் தூங்கும்போது தலையணைக்கு அடியில்

ஸ்ரீராமஜெயம் ஸ்ரீராமஜெயம் ஸ்ரீராமஜெயம் ஸ்ரீராமஜெயம்
ஸ்ரீராமஜெயம் ஸ்ரீராமஜெயம் ஸ்ரீராமஜெயம் ஸ்ரீராமஜெயம்
ஸ்ரீராமஜெயம் ஸ்ரீராமஜெயம்

ஜூன் 23, திங்கள்

சலூன் மூடியிருந்ததாம். செருப்புச் சத்தமே கேட்கவில்லை. எனக்குப் பின்னால் எத்தனை நேரம் நின்றார் என்பது ராமருக்கே தெரியும். மேல்பாதியைக் கையால் மறைத்துக்கொண்டு கீழ்ப்பாதியில் எழுதிக்கொண்டே இருந்தேன். நிமிராமல் எழுதியதை இவர் பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

"எவ்வளவு ஆச்சு?"

"பாதிக்கு மேல."

"விழாவுக்குள்ள முடி. மேடையில ஹெட் ஆபீஸ்காரங்க முன்னாடி நோட்டைக் காட்டிட்டு, மறுநாள் ஆஞ்சநேயர் கோயில்ல சேர்த்துடலாம். எனக்காக நீ எழுதினதுன்னு சொல்லப் போறேன்."

இந்த நோட்டை மேடையில் காட்டப் போகிறார். மேடையில். ஹெட் ஆபீஸ்காரர்கள் முன்னால். யாராவது ஒருவர் புரட்டிப் பார்த்தால், 'மருத்துவமனைக் காப்பீட்டுக்கு மட்டும்' வரைக்கும் வந்துவிடுவார்கள்.

இதே அட்டை போட்ட நோட்டு ஒன்று ஜெசிந்தா கடையில் வாங்கிவிட்டேன்.

ஜூன் 25, புதன்

எழுதிக்கொண்டே இருக்கிறேன். பிரசவத்துக்கு வந்தவர்களிடம் பெயர், வயது கேட்டுக்கொண்டே ஸ்ரீராமஜெயம். ஒருவர் பெயருக்குப் பதில் பதிவேட்டில் ஸ்ரீராமஜெயம் என்று எழுதி அடித்தேன். ஜெசிந்தாவும் தினம் பத்துப் பக்கம் எழுதித் தருகிறாள். ஞாயிறுதோறும் தவறாமல் பூசைக்குப் போகிறவள். "பாதர்கிட்ட இதைச் சொல்லணுமாக்கா?" என்று கேட்டாள். அவர் சிரிப்பார், சொல்லு என்றேன்.

ஜூன் 27, வெள்ளி

இவர் விழாவுக்கு நிகழ்ச்சி நிரல் டைப் அடித்துக் கொண்டுவந்தார். தன் பிரிவு உபசாரத்துக்குத் தானே நிரல் போட்டவர் தமிழ்நாட்டில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். எல்லோருக்கும் எத்தனை நிமிஷம் என்று இருக்கிறது. வரவேற்புரை ஐந்து. வாழ்த்துரை ஆறு பேர், ஆளுக்கு நான்கு. ஏற்புரை முப்பது.

பொன்னாடை, மாலை என்று கை நிறைந்துவிடும் என்பதால் கடைசியில் ஒரு வரி: 'காணொளிப் பதிவு: திருமதி அஞ்சுகம் (எனது கைப்பேசியில்).'

இரண்டு முறை படித்தேன். எனது கைப்பேசியில். இவரே டைப் அடித்து, இவரே கையெழுத்துப் போட்டு, என் கையில் கொடுத்துவிட்டார்.

ஜெசிந்தாவிடம் சொன்னேன். அவள் ஆஸ்பத்திரி ஆள் என்ற கணக்கில் விழாவுக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருவாள். தன் போனில் என் ஆதார் எண்ணைப் போட்டுத் தயாராக வைத்திருப்பாள். இவர் ஏற்புரை ஆரம்பித்ததும் அமுக்குவாள். ஓடிபி என் கையிலிருக்கும் போனுக்கு வரும். தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போய் அவள் காதில் சொல்ல வேண்டும். பத்து நிமிஷத்துக்குள். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று எழுதிவிட்டேன். நிரலை மறுபடியும் எடுத்துப் படிக்கிறேன். இன்று நான்காவது தடவை.

ஜூன் 28, சனி

ஓசூரிலிருந்து மகள் பேசினாள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், வர முடியாதாம். "ரிட்டயர் ஆனா அப்பா சாந்தமாயிடுவாரும்மா. ஆபீஸ் டென்ஷன்தான் எல்லாம்." இவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஆமாம்மா என்றேன்.

ஜூன் 30, திங்கள், காலை

பயமாக இருக்கிறது. வேறு எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 1, செவ்வாய்

காலை பதினொன்று. தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். மேலே ஒன்று, கீழே ஒன்று. தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலில் நேற்றைய கதை.

மேடையில் இவர் நடுநாயகமாக. நான் முதல் வரிசையில், இவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. ஆறு பேர் வாழ்த்தினார்கள். துரைக்கண்ணு சார் கோபப்பட்டே நாங்கள் பார்த்ததில்லை என்று ஒருவர் உருகினார். உண்மைதான். ஆபீஸில் மிச்சம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவருவார். புது ராமஜெய நோட்டை இவர் தூக்கிக் காட்டினார். கைதட்டல். அதில் முக்கால்வாசி ஜெசிந்தா எழுதியது.

இவர் மைக்கைப் பிடித்தார். நிரல்படி இனி முப்பது நிமிஷம் இருந்தது. திரையில் இவர் முகத்துக்கு மேலே மெசேஜ் வந்து விழுந்தது. ஆறு எண். படித்தேன், மறுபடி படித்தேன். எழுந்திருக்கலாம் என்று காலைத் தரையில் ஊன்றினேன்.

அப்போது பார்த்து, விழா நடத்திய ஒரு சின்னப் பெண் இவர் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். "சார், மன்னிக்கணும். நிரல்ல இல்லாட்டியும் எங்க எல்லாரோட ஆசை. ஏற்புரைக்கு முன்னால சாரோட துணைவியார் சில வார்த்தை பேசணும். ரொம்பத் தமாஷாப் பேசுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கோம்."

நிரலில் இல்லாதது நடக்கிறது. இவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்ணில் இல்லை. மேடைக்கு வரச் சொல்லி, போனைக் கேட்டு ஒரு கையை நீட்டினார்.

மூன்று படி ஏறுவதற்குள் கட்டைவிரலாலேயே மெசேஜை அழித்தேன். போனை இவர் கையில் வைத்தேன். இனி அந்த ஆறு எண் என் மண்டையைத் தவிர உலகத்தில் எங்கேயும் இல்லை. கடைசி வரிசையில் ஜெசிந்தா போனைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பத்து நிமிஷத்தில் ஒன்றரை போயிருக்கும்.

மைக் குளிர்ச்சியாக இருந்தது. "எல்லாருக்கும் வணக்கம்" என்றேன். ஜெசிந்தாவைப் பார்த்து, நம்பர் வருகிற இடத்திலெல்லாம் நிறுத்தி, அழுத்தி, வரிசையாகச் சொன்னேன். தமிழில் நம்பர் இல்லாமல் பேசுவது எத்தனை கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. முப்பத்தொரு வருஷத் தாம்பத்தியம் என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

"எங்க வீட்டுல *ஏழு* கிழமையும் ஆபீஸ்தாங்க."

சிரித்தார்கள். ஜெசிந்தாவின் கட்டைவிரல் அசையவில்லை. அவளுக்குப் புரியவில்லை. அழுத்தி இன்னொரு முறை சொன்னேன், "*ஏழு*." அவள் புருவம் ஏறியது. குனிந்தாள்.

"*மூணு* வேளையும் சாப்பாட்டுக்குக் கையெழுத்து வாங்கிட்டுத்தான் பரிமாறுவேன்." பலத்த சிரிப்பு. "நான் லீவு போட்ட நாள், *பூஜ்யம்*." பெண்கள் பக்கம் கைதட்டினார்கள். "*ஒம்பது* கிரகமும் இவரைப் பார்த்தா எழுந்து நிக்கும்." இவரே சிரித்துவிட்டார்.

அடுத்தது நான்கு. நான்குக்கு ஒன்றும் தோன்றவில்லை. சபை காத்திருந்தது. இவரும் காத்திருந்தார். என் வாய் தானாகத் திறந்தது.

"*நாலு* செவுத்துக்குள்ள நடக்கறதை மேடையில சொல்லக் கூடாது."

ஒரு விநாடி யாரும் சிரிக்கவில்லை. நானே சிரித்தேன். அப்புறம் எல்லோரும்.

"அதனால *ரெண்டு* கையையும் கூப்பி விடைபெறறேன்."

கூப்பினேன். வெள்ளைக் கட்டோடு நடுவிரல் மட்டும் மற்றதோடு சேராமல் விறைத்து நின்றது. கடைசி வரிசையில் ஜெசிந்தா நிமிர்ந்தாள். தலையை ஒரே ஒரு முறை ஆட்டினாள்.

காரில் மாலையோடு வரும்போது இவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார். "நாலு செவுரு எதுக்கு வந்துச்சு?" குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. டிரைவருக்குக் கேட்காத அளவு.

"வாய்ல வந்துடுச்சுங்க."

"சரி" என்றார்.

ஆரத்தி எடுத்தேன். அப்புறம் நடந்ததையும் எழுத மாட்டேன். இன்றும் முழுக்கை ரவிக்கைதான்.

இன்று காலை, "இந்த வாரம் போய்ச் சொல்லிட்டு நின்னுடு" என்று சொல்லி அனுப்பினார். இவருடைய ஓய்வின் முதல் நாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சோறும் குழம்பும் மூடி வைத்தேன். என் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு வந்தேன், அது எங்கே இருக்கிறது என்று பார்த்தால் வீட்டில்தான் இருக்கும். கைப்பை, டிபன் பாக்ஸ், இந்த நோட்டு. வாசலில் நின்று "வரட்டுங்களா" என்று கேட்டேன். பேப்பரை இறக்காமல் "அஞ்சு நாப்பது" என்றார்.

ஜெசிந்தா கடையில் நகல் தயாராக இருந்தது. குறுக்கே ஒன்றும் எழுதாத, சுத்தமான என் முகம். டாக்டர் பதினைந்து நாள் விடுப்பு எழுதிக்கொண்டார். யார் கேட்டாலும் எங்கே என்று தெரியாது என்று சொல்லிவிடுவாராம். "பொய் சொல்ல வேண்டாம் பாருங்க, நீங்க எந்தத் தெருன்னு என்கிட்ட சொல்லவே இல்லை" என்றார்.

தென்னூர் வீட்டின் கீழ்த்தளத்தில் வக்கீல் தம்பி காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் அடித்தார். ஹமீதாம்மா என் போட்டோவை எடுத்து மூக்குக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு மேலே என் முகத்தை. போட்டோவில் கன்னம் வழவழவென்று இருந்தது.

"காகிதமெல்லாம் சரியா இருக்காப்பா?"

"இருக்கு பெரியம்மா. ஹஸ்பண்ட் கையெழுத்துதான்..."

"அவரு மஸ்கட்ல இருக்காரு. அங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிச் சாவியை என் இடது கையில் வைத்தார்.

அதே நாள், மாலை

ஐந்து முப்பது. பாய் இல்லை, விளக்கு இருக்கிறது. ஜெசிந்தா வாளியும் சொம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். தமாஷாக ஏதாவது எழுதலாம் என்று அரை மணியாக உட்கார்ந்திருக்கிறேன்.

ஐந்து முப்பத்தாறு. இவர் இப்போது பேப்பரை மடித்திருப்பார்.

ஐந்து முப்பத்தொன்பது. வாசலைப் பார்ப்பார்.

ஐந்து நாற்பது.

ஐந்து நாற்பத்து மூன்று. வாழ்க்கையில் இத்தனை லேட்டாக நான் எதுவும் செய்யாமல் உட்கார்ந்ததில்லை. ஆதார் இவர் எண்ணோடுதான் இன்னும் இருக்கிறது, நகல் இறக்கியதற்கு ஏதாவது தகவல் போயிருக்குமோ? ஆட்டோக்காரர் யாரிடமாவது சொல்லியிருப்பாரோ? ஜெசிந்தா கடைக்கு இவர் போனால்? படியில் யாரோ ஏறுகிற

ஸ்ரீராமஜெயம் ஸ்ரீராமஜெயம் ஸ்ரீராமஜெயம் ஸ்ரீராமஜெயம்
ஸ்ரீராமஜெயம் ஸ்ரீராம

ஹமீதாம்மா. டீ கொண்டுவந்தார். "நான்தாம்மா, நான்தான்" என்று கதவுக்கு அந்தப் பக்கம் நின்று மூன்று தடவை சொன்ன பிறகுதான் மேல் தாழ்ப்பாளை எடுத்தேன். உள்ளே வந்து, தரையில் திறந்து கிடந்த நோட்டைப் பார்த்தார்.

"சாமி பேரு எழுதறியா?"

"ஆமாங்க."

"எழுது, எழுது. ஏன் பாதியில நிறுத்திட்ட?"

டீயைக் குடித்தேன். சர்க்கரை அதிகம். அவர் படியில் இறங்கிப் போகும் சத்தம் கீழ்க்கதவு வரை கேட்டது. இரண்டு தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு வந்து, அந்தக் கடைசி ஸ்ரீராமவுக்கு ஜெயம் சேர்க்கலாமா என்று பார்த்தேன்.

சேர்க்கவில்லை. மணி ஐந்து ஐம்பத்தைந்து.